புதுவை ஓவியரும் அவர்தம் ஊற்றுக்கண்களும்

புதுச்சேரியில் ஓவியம் தீட்டுவோரைப் பற்றி எழுதப் புகுவோர் பலரும் ஒரு கருத்தை ஆராயாமலே முதலில் வைத்துவிடுகின்றனர். அந்நகரம், இடையிடையே பிறர் கைப்பட்டதாயினும், 17ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி தொடங்கி 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. ஆகவே அந்நகரத்து ஓவியர்க்கு உள்ளக் கிளர்ச்சி தந்ததும் பிரெஞ்சுக் கலையே என்பது அக்கருத்து. ஆட்சி எங்கிருந்து வந்ததோ, கலையும் அங்கிருந்தே வந்திருத்தல் வேண்டும் என்னும் எளிய கணக்கு இது. இக்கணக்கு பொருந்துமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இன்றைய ஓவியர் ஒவ்வொருவரையும் எடுத்து அவர்தம் படங்களுக்கு உரை வகுப்பது எம் கருத்தன்று. அவர்கள் நின்று நீர் முகக்கும் கிணறுகள் எவை, அவற்றைத் தோண்டியவர் யாவர் என்பனவே ஈண்டு வினா.

தமிழில் ஓவியத் தொழிலுக்குரிய சொற்கள் பழமையானவை என்பதைத் தமிழ் மாணவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. மதுரைக்காஞ்சி ஓவியரைக் ‘கண்ணுள் வினைஞர்’ என்று சுட்டுகிறது. காண்பவர் கண்ணிலே தம் தொழிலை நிறுத்துபவர் என்னும் கருத்துப்பட நச்சினார்க்கினியர் அதற்கு விளக்கம் தருவார். வண்ணம் தீட்டப்பெறாத கோட்டுருவத்தைப் ‘புனையா ஓவியம்’ என்று நெடுநல்வாடையும் மணிமேகலையும் குறிக்கின்றன. அடியார்க்குநல்லார் தம் சிலப்பதிகார உரையில் ஓவிய நூல் ஒன்றைச் சுட்டிச் செல்கிறார். அந்நூல் இன்று இல்லை. மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் ‘தமிழர் வளர்த்த அழகுக்கலைகள்’ என்னும் நூலில் இச்செய்திகளையெல்லாம் ஒருங்கு தொகுத்து வைத்துள்ளார். ஆயினும், இலக்கியத்தில் சொல் இருப்பது ஒன்று. சுவரில் படம் இருப்பது மற்றொன்று. 20ஆம் நூற்றாண்டு பிறந்தபொழுது, தமிழ்நாட்டில் தூரிகை ஏந்திய ஒருவன் ‘என் முன்னோர் வரைந்தது இது’ என்று கைகாட்டுவதற்குரிய பழஞ்சுவர் எதுவும் அவன் அறிவுக்கு எட்டியிருக்கவில்லை. அச்சுவரைக் காட்டியதில் புதுவைக்குப் பெரும் பங்குண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம். அதற்கு முன் காலத்தால் மூத்த ஒரு செய்தியைக் காண்டல் தகும்.

18ஆம் நூற்றாண்டில் புதுவையின் ஓவியர் யாவர் என்று வினவினால், வரலாறு தரும் விடை துணியில் வரைந்தோர் என்பதாம். சோழமண்டலக் கரையினின்று ஐரோப்பாவுக்குச் சென்ற வண்ணத் துணிகள் அச்சுக் கட்டையால் மட்டும் அமைந்தவையல்ல. உயர்ந்தவை கையால் எழுதப்பட்டவை. பிரான்சு நாட்டில் இவற்றுக்கு எழுந்த விருப்பம் எத்துணை மிகுந்ததென்றால், தம் நாட்டுப் பட்டு நெசவும் கம்பளி நெசவும் கெடும் என்றஞ்சி 1686இல் அந்நாட்டரசு வண்ணமிட்ட பருத்தித் துணியையே தடைசெய்தது. அத்தடை 1759 வரை நீடித்தது. தடையிருந்த காலத்திலேயே, அத்துணி எவ்வாறு செய்யப்படுகிறது என்றறிய அந்நாட்டு அறிஞர் ஆட்களை ஏவினர். துய்ஃபே என்னும் வேதியியல் அறிஞர் கேட்டுக்கொண்டபடி, பொலியே என்னும் கடற்படை அலுவலர் 1734ஆம் ஆண்டையொட்டிப் புதுவையில் ஓவியர் ஒருவர் அருகில் அமர்ந்து வேலையைக் கண்டார். அவர் வெறுமனே குறிப்பெழுதி நிற்கவில்லை. ஒவ்வொரு படி முடிந்ததும் துணியில் ஒரு துண்டு வெட்டிக் குறிப்போடு சேர்த்துவைத்தார். அக்கையெழுத்துப்படி, துணித் துண்டுகளோடு, பாரிசு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் காக்கப்பெற்றது.

அடுத்து 1742இல், கேர்து என்னும் இயேசு சபைத் துறவி இதே தொழிலைப் பற்றி நீண்ட மடல் ஒன்று வரைந்தார். இவரைத் தமிழறிஞர் மொழியியல் வாயிலாக நன்கறிவர். வடமொழிக்கும் கிரேக்க இலத்தீன் மொழிகளுக்கும் உள்ள உறவை, வில்லியம் ஜோன்ஸ் கூறுவதற்கு முன்னரே, 1767இல் பிரெஞ்சுக் கழகத்துக்கு எழுதியனுப்பியவர் இவரே. சொற்களை ஒப்பிட்ட அதே கூர்மை துணி ஓவியத்திலும் இவர்க்கு இருந்தது. தம் சபையில் சேர்ந்த துணி ஓவியர்களைத் துருவி வினவியே அவர் செய்தி திரட்டினார்.

இவ்விரு சான்றுகளையும் வைத்து நோக்கினால் வேலைமுறை தெளிவாகிறது. பாதி வெளுத்த துணியை முதலில் கடுக்காய்ப் பொடியும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்துப் பிழிந்து உலர்த்துவர். கடுக்காயின் துவர்ப்பு இரும்புச் சாற்றோடு சேர்ந்தால் கருமை பிறக்கும். பாலின் கொழுப்பு மை பரவாமல் தடுக்கும். பின்னர்த் துணியை மடித்துக் கட்டைமேல் வைத்துத் தட்டி வழவழப்பாக்குவர். தாளில் வரைந்த படத்தின் கோடு நெடுகத் துளையிட்டு, அதைத் துணிமேல் பரப்பிக் கரிப்பொடி தூவுவர். புளித்த நீரில் இரும்பை ஊறவைத்து எடுத்த சாற்றால் கருங்கோடும், சிவப்பு வேண்டும் இடத்தில் படிகாரக் கோடும் எழுதுவர். நீலம் ஏறக்கூடாத இடங்களில் மெழுகு பூசி அவுரித் தொட்டிக்கு அனுப்புவர். நீலம் தோய்ப்போர் வேறு, எழுதுவோர் வேறு. மெழுகை வெந்நீரில் நீக்கியபின் மீண்டும் படிகாரம் எழுதிச் சாயவேர் நீரில் காய்ச்சுவர். இம்பூறல் என்று பெயர் பெற்ற அவ்வேரின் செம்மை, படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் நிலைத்து நிற்கும். மற்ற இடத்துச் செம்மை சாண நீரிலும் வெயிலிலும் கழிந்துபோகும். மஞ்சளும், நீலத்தின்மேல் மஞ்சள் பூசிப் பெறும் பச்சையும் இறுதியில் வரும்.

ஈண்டு ஒன்றைக் கருதிப் பார்த்தல் வேண்டும். துணி ஓவியன் எழுதும்பொழுது அவன் கண்முன் சிவப்பு இல்லை. நிறமற்ற படிகார நீரைக் கொண்டு, நாளை பிறக்கப்போகும் சிவப்பை இன்று எழுதுகிறான். இதனை வெறுங் கைவேலை என்று ஒதுக்குதல் எளிது. பலர் ஒதுக்கியும் உள்ளனர். படத்தின் உருவமைப்பு வணிகர் அனுப்பிய மாதிரியினின்று வந்ததாகலாம். பூவும் கொடியும் ஐரோப்பியர் விருப்பத்துக்கு இசைய மாறியிருக்கலாம். ஆனால் நிறத்தின் அறிவு முற்றிலும் இந்நிலத்துக்குரியது. தடை நீங்கிய மறு ஆண்டு, 1760இல், ஓபர்காம்ஃப் என்பவர் பாரிசுக்கு அண்மையிலுள்ள ழூயி என்னும் ஊரில் வண்ணத் துணித் தொழிற்சாலை தொடங்கினார். அத்தொழில் ஐரோப்பாவில் வேரூன்றியதற்குப் பின்னணியாக நின்றவற்றுள் இந்தியத் துணிகளும் அவற்றின் செய்முறை பற்றிய குறிப்புகளும் உண்டு. பிரான்சு புதுவைக்குக் கொடுத்தது என்று தொடங்குவோர், பிரான்சு புதுவையில் கற்றது என்னும் இம்முதல் இயலைப் படிக்காமலே இரண்டாம் இயலுக்குத் தாவிவிடுகின்றனர்.

அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் தாளில் வரையும் வழக்கமும் பெருகியது. சொன்னெரா என்பார் 1774 முதல் 1781 வரை கிழக்கு நாடுகளில் பயணம் செய்து, 1782இல் பாரிசில் வெளியிட்ட நூலில் தமிழ்நாட்டுத் தொழிலாளர், தெய்வங்கள், விழாக்கள் ஆகியவற்றின் படங்கள் பல உள. ஐரோப்பிய அலுவலர்க்காகச் சாதிகளையும் தொழில்களையும் தெய்வங்களையும் ஏடு ஏடாக வரைந்து தந்த நாட்டு ஓவியரும் சோழமண்டலக் கரையில் இருந்தனர். இவ்வேடுகளைப் பற்றி யாம் மிக உயர்வாகக் கூறத் துணியோம். கணவன் ஒருபுறமும் மனைவி ஒருபுறமுமாக நிறுத்தி, கையில் தொழிற்கருவி கொடுத்து, அடியில் பெயரெழுதும் அம்முறை வாங்குவோரின் பட்டியல் விருப்பத்தினின்று எழுந்தது. வரைவோரின் உள்ளத்தினின்று எழுந்தது அன்று. ஆடை அணி பற்றிய வரலாற்றுச் சான்றாக அவை பயன்படும், அவ்வளவே.

உள்ளத்தினின்று எழுந்த படம் எது என்று கேட்பார்க்கு 1908ஆம் ஆண்டைக் காட்டுதல் தகும். அவ்வாண்டில் ஆங்கில அரசின் கைது முயற்சிக்குத் தப்பிப் பாரதியார் புதுவை புகுந்தார். சென்னையில் 1906இல் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழ் 1908 அக்டோபரில் புதுவையினின்று மீண்டும் வெளிவரலாயிற்று. 1910 மார்ச்சு வரை நடந்தது. தமிழ் இதழ்களுள் கருத்துப்படத்தை முறையாகக் கையாண்ட முதல் இதழ் இதுவே. படங்களைத் தொகுத்து ஆராய்ந்து 1994இல் நூலாக்கியவர் ஆ. இரா. வேங்கடாசலபதி.

பாரதியார் தாமே தூரிகை பிடித்தவரல்லர். கருத்து அவருடையது, கை பிறருடையது. ஆயினும் ஓவிய வரலாற்றில் அவர்க்கு இடமளிக்க வேண்டுவது ஏன் எனின், படம் யாருக்காக என்னும் வினாவை அவர் தலைகீழாக மாற்றிவிட்டார். சொன்னெரா காலத்து ஏடுகளில் தமிழர் படத்தின் பொருளாக இருந்தனர்; பார்ப்போர் அயலார். ‘இந்தியா’வின் முதற்பக்கத்தில் ஆங்கில ஆட்சியாளர் படத்தின் பொருளாயினர், பார்ப்போர் தமிழராயினர். எழுத்தறியாதாரும் பிறர் படிக்கக் கேட்டுப் படத்தைக் கண்டு பொருள் கொள்ளுமாறு, படத்தின் கீழ் விளக்கமும் அமைத்தார். பஞ்சதந்திரக் கதை போன்ற விலங்குருவங்களும் புராண நிகழ்ச்சிகளும் அரசியலை விளக்கும் குறியீடுகளாயின. முழுவதும் கருத்துப்படங்களாலேயே அமைந்த ‘சித்திராவளி’ என்னும் இதழொன்று நடத்தவும் அவர் திட்டமிட்டார், அது கைகூடவில்லை.

இப்படங்களின் கால்வழியைப் பின்னோக்கிச் சென்றால் சுவையான ஓர் உண்மை புலப்படும். பாரதியார்க்கு முன்மாதிரியாக அமைந்தவை இலண்டன் ‘பஞ்ச்’ இதழும், அதனைப் பின்பற்றிப் பம்பாயில் நடந்த ‘இந்தி பஞ்ச்’ இதழுமாம். 1841இல் தோன்றிய இலண்டன் ‘பஞ்ச்’ தன் பெயருக்குத் துணைப்பெயராக ‘இலண்டன் சாரிவாரி’ என்று போட்டுக்கொண்டது. சாரிவாரி என்பது தோமியே போன்ற ஓவியர் வரைந்த பாரிசு இதழின் பெயர். ஆகவே பிரெஞ்சு மண்ணில் அமர்ந்து பாரதியார் நடத்திய படக்கலை, நேரே பாரிசினின்று வரவில்லை. இலண்டனையும் பம்பாயையும் சுற்றிக்கொண்டு வந்தது. பிரெஞ்சு ஆட்சி அவர்க்குத் தந்தது கலை அன்று. ஆங்கிலேயன் கை எட்டாத இடம். அந்த இடம் இல்லையேல் அப்படங்கள் அச்சேறியிரா என்பதையும் மறுத்தல் இயலாது.

ஓவியத்தைப் பற்றிய கருத்துப் போர் ஒன்றும் இக்காலத்துப் புதுவையோடு தொடர்புடையது. 1906இல் இரவிவர்மா மறைந்தபொழுது பாரதியார் இரங்கற்பா பாடினார். அவ்வோவியரிடத்து அவர்க்கு மதிப்பு மிகுதி. ஆனால் அரவிந்தர், புதுவைக்கு வருமுன் நடத்திய ‘கர்மயோகின்’ இதழில், இரவிவர்மாவின் முறை ஐரோப்பியத் தோலைப் போர்த்தது என்னும் கருத்தினராய்க் கடிந்தெழுதினார். வங்க ஓவியர் அவனீந்திரநாதர் வழியே உண்மையான இந்திய வழி என்பது அவர் கொள்கை. 1910 ஏப்ரலில் அவர் புதுவை வந்தார். பின்னர்ப் பாரதியார் 1918இல் புதுவை நீங்கும்வரை இருவரும் ஒரே ஊரில் பழகி வாழ்ந்தனர். இருவர் கருத்தில் எது சரி என்று இன்று தீர்ப்பளித்தல் வேண்டா. ஒருவர் கண்ட இரவிவர்மா, தெய்வங்களை வீட்டுச் சுவருக்குக் கொணர்ந்தவர். மற்றவர் கண்ட இரவிவர்மா, அத்தெய்வங்களை நாடக மேடையில் நிறுத்தியவர். இரண்டும் உண்மையே.

பிரெஞ்சு ஓவியப் பயிற்சி நேரடியாகப் புதுவைக்கு வந்தது ஒருவர் வாயிலாகத்தான் எனலாம். அவர், பின்னாளில் அன்னை என்று அழைக்கப்பெற்ற மீரா அல்ஃபாசா. 1878இல் பாரிசில் பிறந்து, அங்குள்ள ழூலியான் கலைக்கூடத்தில் பயின்று, 1897இல் ஆன்றி மொரிசே என்னும் ஓவியரை மணந்தார். மொரிசே, குஸ்தாவ் மொரோவின் மாணவர். மொரோவிடம் பயின்ற மற்றொருவர் மத்தீசு. மீராவின் படங்கள் 1903, 1904, 1905 ஆண்டுகளில் பாரிசுக் கண்காட்சிகளில் இடம்பெற்றன. 1914இல் முதன்முறை புதுவை வந்து, இடையில் யப்பானில் சில ஆண்டுகள் தங்கி, 1920இல் மீண்டும் வந்து, 1973இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தார்.

இத்தகைய பயிற்சியுடைய ஒருவர் அரை நூற்றாண்டு வாழ்ந்த ஊரில் பாரிசு முறை ஓவியம் தழைத்திருத்தல் வேண்டும் என்று எதிர்பார்ப்போம். அங்ஙனம் நிகழவில்லை. ஆசிரமத்து ஓவியர்க்கு அவர் கற்பித்தது உடற்கூற்றையும் நிழல் ஒளியையும் விட, உள்நோக்கிக் கண்டதை வரைதலையே. சம்பக்லால் தாமரை மலர்களை வரைந்தார். ஊதா என்னும் பெண் ஓவியர் 1961 முதல், அரவிந்தரின் ‘சாவித்திரி’ காப்பியத்துக்கு 400க்கும் மேற்பட்ட ஓவியங்கள் தீட்டினார். அன்னை முதலில் கோட்டுருவம் காட்ட, அதன்வழி ஓவியர் வண்ணம் கொடுத்தார். அவ்வோவியங்கள் 1967 பிப்ரவரியில் புதுவையில் காட்சிக்கு வைக்கப்பட்டன. இவ்வோவியங்களில் நீலமும் பொன்னிறமும் மேலோங்கி நிற்கும். உருவங்கள் ஒளியில் கரைந்து நிற்கும். காப்பியத்தை அறிந்து காண்பார்க்கு அவை துணையாகும்; அறியாதார்க்குத் தனித்து நின்று பேசும் ஆற்றல் அவற்றில் சிலவற்றுக்கே உண்டு என்பது எம் கருத்து. எவ்வாறாயினும், அவற்றின் ஊற்று ஒரு நூல். பாரிசுக் கலைக்கூடம் அன்று.

இனி, முன்னர்ச் சுட்டிய சுவரின் செய்திக்கு வருவோம். புதுவைக் கல்லூரியில் ஆசிரியராகப் பணிபுரிந்த ழுவோ துப்ரேய் (1885–1945) என்னும் பிரெஞ்சு அறிஞர், விடுமுறைதோறும் கோயில்களை நாடிச் சென்றார். 1914இல் பாரிசில் வெளிவந்த அவருடைய தென்னிந்தியத் தொல்பொருள் நூல் இரு தொகுதிகளைக் கொண்டது. அந்நூலுக்கு அவர் கொண்ட முறை, தமிழறிஞர் கருதிப் போற்றத்தக்கது. கடலூரையடுத்த திருப்பாதிரிப்புலியூர்க் கோயிலில் அக்காலத்துத் திருப்பணி நடந்துகொண்டிருந்தது. அங்கு வேலை செய்த சிற்பிகளிடம் சென்று, தூணின் ஒவ்வோர் உறுப்புக்கும் அவர்கள் வழங்கிய பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். போதிகை, கூடு, பஞ்சரம், கும்பபஞ்சரம் முதலிய சொற்கள் அவ்வாறே பிரெஞ்சு நூலில் ஏறின. பின்னர்ப் போதிகையின் வடிவம் பல்லவர் காலம் தொட்டு விசயநகரக் காலம் வரை எங்ஙனம் படிப்படியாக மாறிற்று என்று காட்டி, கல்வெட்டில்லாத கோயிலுக்கும் காலம் கணிக்கும் வழியை அமைத்தார். உயிருடன் இருந்த சிற்பியின் வாய்ச்சொல்லைக் கொண்டு இறந்த சிற்பியின் காலத்தை அளந்த அம்முறை, அதுவரை தொல்பொருளாராய்ச்சியில் அரிதாகவே கையாளப்பட்டது.

மகேந்திரவர்மனுக்குச் ‘சித்திரகாரப்புலி’ என்னும் விருதுப்பெயர் உண்டு என்பது கல்வெட்டால் தெரிந்திருந்தது. மாமண்டூர்க் கல்வெட்டிலோ ‘தட்சிணசித்திரம்’ என்னும் தொடர் சிதைந்த வரிகளுக்கிடையே காணப்படுகிறது. சென்னைக்குத் தெற்கே 1996இல் திறக்கப்பெற்ற மரபுக்கலை அருங்காட்சியகம் இத்தொடரையே தன் பெயராகக் கொண்டது. ஓவியர்க்குப் புலியென நின்ற வேந்தன் வரைவித்த ஓவியம் எங்கே என்பதே துப்ரேய் முன் நின்ற கேள்வி. புதுக்கோட்டையையடுத்த சித்தன்னவாசலில் கோபிநாதராவ் கண்ட ஓவியங்களை 1920இல் அவர் பல்லவ ஓவியம் என்று உலகுக்கு அறிவித்தார். தாமரைப் பொய்கை, அதில் மீனும் அன்னமும் யானையும், மலர் கொய்யும் ஆடவர், தூண்களில் ஆடும் மகளிர் இருவர், முடியணிந்த அரசன் ஒருவன். இவ்வரசன் மகேந்திரனே என்பது அவர் துணிபு.

இத்துணிபு பின்னர் நிற்கவில்லை. பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அக்கோயிலைப் புதுக்கினான் என்று அங்குள்ள தமிழ்ப் பாட்டுக் கல்வெட்டு கூறுவது வெளிப்பட்டபின், ஓவியங்கள் பாண்டியர் காலத்தன என்பதே பெரும்பாலோர் முடிபாயிற்று. பொய்கையும் மலர் கொய்வோரும் சமணரின் சமவசரணக் கதையைச் சுட்டுவன என்று டி. என். இராமச்சந்திரன் விளக்கினார். ஆனால் காலக்கணக்கில் நேர்ந்த இத்திருத்தத்தால் துப்ரேயின் தொண்டு குறைந்துபடவில்லை. அவர் தேடிய பல்லவ ஓவியம் வேறிடத்தில் அவர்க்கே கிடைத்தது. 1931இல் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் திருச்சுற்றிலுள்ள சிறுகோயில்களில், சுண்ணாம்புப் பூச்சின் அடியில், இராசசிம்மன் காலத்து வண்ணங்கள் வெளிப்பட்டன. விழுப்புரம் மாவட்டத்துப் பனைமலையில் அதே வேந்தன் எடுத்த தாளகிரீசுவரர் கோயிலில், குடையின்கீழ் ஒருகால் மடித்துச் சாய்ந்து நின்று இறைவன் ஆடலைக் காணும் அம்மையின் உருவமும் அவ்வாறே புலப்பட்டது.

1931ஆம் ஆண்டு தமிழ்நாட்டு ஓவிய வரலாற்றில் இருமடங்கு சிறப்புடையது. அவ்வாண்டிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி அவர்கள், தஞ்சைப் பெரிய கோயிலின் இருண்ட உள்சுற்றில், நாயக்கர் காலத்துப் பூச்சு உதிர்ந்த இடத்தில் சோழர் காலத்து ஓவியத்தைக் கண்டறிந்தார். சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட வரலாறும் திரிபுரம் எரித்த பெருங்காட்சியும் அங்ஙனம் மீண்டும் ஒளி பெற்றன. சென்னை அருங்காட்சியகத்துப் பரமசிவன் அவ்வண்ணங்களையும் சுதையையும் வேதியியல் முறையில் ஆராய்ந்து, ஈரச் சுண்ணாம்பின்மேல் எழுதும் முறை தஞ்சையில் வழங்கியதை நிறுவினார். ஓராண்டுக்குள் பல்லவரும் சோழரும் ஓவியராக நம்முன் வந்து நின்றனர். இக்கண்டுபிடிப்புகள் ஆராய்ச்சி இதழ்களோடு நின்றுவிடவில்லை. 1944 முதல் 1946 வரை வந்த கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ கதையில் அசந்தா வண்ணத்தின் மறைபொருளை நாடி ஆயனச் சிற்பி ஏங்குவதைத் தமிழ்நாடே படித்தது. மகேந்திரனைக் கலைஞனாகக் காட்டும் அக்கதைக்கு, அறிஞர் அகழ்ந்த செய்திகளே அடிநிலை.

எனவே, துப்ரேய் பிரெஞ்சுக்காரர். அவர் வாழ்ந்தது பிரெஞ்சுப் புதுவை. ஆனால் அவர் ஓவியர்க்குத் திறந்துவிட்ட ஊற்று பாரிசில் இல்லை, பனைமலையில் இருக்கிறது. இவ்வேறுபாட்டை உணராமல் ‘பிரெஞ்சுத் தாக்கம்’ என்று ஒரே சொல்லால் குறிப்பது ஆராய்ச்சிக்கு ஒவ்வாது.

சென்னையில் நிகழ்ந்ததையும் ஒருசிறிது கூறுதல் வேண்டும். புதுவை ஓவியர்க்கு அண்மையில் இருந்த பெரிய பள்ளி அதுவே. 1850இல் அலெக்சாந்தர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளிக்கு முதல் இந்தியத் தலைவராக வந்தவர், அவனீந்திரநாதரின் மாணவரான தேவிபிரசாத் ராய் சௌதுரி. அவர்க்குப்பின் 1957இல் தலைமை ஏற்ற கே. சி. எஸ். பணிக்கர், மேனாட்டு ஓவியத்தை நன்கு கண்டறிந்தபின், 1963 முதல் சாதகக் கட்டங்களையும் எழுத்துக்களையும் குறிகளையும் கொண்டு ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் வரிசையைத் தீட்டினார். 1966இல் சோழமண்டலம் கலைஞர் சிற்றூர் தோன்றியது. அதன் பெயரிலேயே சோழர் நினைவு நிற்கிறது. கோட்டுக்கே முதன்மை தரும் பண்பு இப்பள்ளியின் தனிச்சிறப்பென்பர் திறனாய்வாளர். புனையா ஓவியம் என்னும் பழஞ்சொல்லை நினைவுகூர்வார்க்கு இதில் வியப்பில்லை. இப்பள்ளியில் பயின்ற கே. எம். ஆதிமூலம் (1938–2008) கரிசல் நிலத்து மாந்தரைக் கருங்கோட்டில் வரைந்தார். அவ்வோவியங்களுக்கு ஊற்றாக அமைந்தது கி. இராசநாராயணனின் எழுத்து. கி. ரா. பின்னாளில் புதுவையில் குடியேறி 2021இல் அங்கேயே மறைந்தார்.

இன்றைய புதுவையில் ஓவியம் முறையாகக் கற்பிக்கும் நிலையம், அரியாங்குப்பத்திலுள்ள பாரதியார் பல்கலைக்கூடம். இசையும் ஆடலும் ஓவியமும் ஒரே வளாகத்தில் பயிலும் அமைப்பு அது. கருத்துப்படத்துக்குத் தமிழில் வழி திறந்தவரின் பெயர் அதற்கு அமைந்தது பொருத்தமே; பெயரிட்டோர் அதனை எண்ணியே இட்டனரோ, பெருங்கவிஞர் என்னும் மதிப்பால் இட்டனரோ, இரண்டாயினும் பொருந்தும். வில்லியனூர்ப் பகுதியில் சுடுமண் கலை தொடர்ந்து வாழ்கிறது. அத்துறையில் தொண்டாற்றிய வி. கே. முனுசாமி 2020இல் பத்மசிறீ விருது பெற்றார். ஐயனார் கோயில் குதிரைகளைச் செய்த குயவர் மரபே அதன் அடி. ஓவியத்தையும் சுடுமண்ணையும் வேறுவேறு துறையாகப் பிரித்தல் நம் பல்கலைக்கழகப் பழக்கம். ஊர்க்கோயில் குதிரைக்கு வண்ணம் பூசும் கை அப்பிரிவை அறியாது.

புதுவையில் 1955இல் நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அடுத்த ஆண்டு முதலே தென்னாட்டுக் கோயில்களை நிழற்படமெடுக்கும் பணியைத் தொடங்கியது. தூர கிழக்குப் பிரெஞ்சுக் கழகத்தோடு சேர்ந்து சேர்த்த அத்தொகுதியில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள. கோயில்களைப் புதுக்கும்போது பழைய சுவரோவியங்கள் வெள்ளைச் சுண்ணாம்பின் அடியில் மறைவதும், மணல் வீச்சால் தேய்ந்துபோவதும் நம் நாட்டில் அடிக்கடி நிகழ்ந்தவை. ஆதலின் அத்தகைய இடங்களுக்கு இன்று எஞ்சும் சான்று பழைய நிழற்படமே. ஆனால் அக்காலத்து நிழற்படங்களுள் மிகுதியானவை கருப்பு வெள்ளையில் அமைந்தவை. கோடு கிடைக்கும், நிறம் கிடைக்காது. நிறத்துக்குச் சுவரையே நாடவேண்டும்.

பனைமலை புதுவையினின்று ஒரு பகற்பொழுதில் சென்று மீளத்தக்க தொலைவில் உள்ளது. சிறு குன்றின்மேல், ஏரியை நோக்கி நிற்கும் அக்கோயிலின் பக்கக் கருவறையொன்றில் அம்மையின் உருவம் இருக்கிறது. முடியும் முகமும் சாய்ந்த இடையும் தெரிகின்றன; அவள் நோக்கிநின்ற ஆடற்பெருமானின் உருவமோ பெரும்பாலும் அழிந்துவிட்டது. புதுவையிலும் சென்னையிலும் ஓவியம் பயிலும் மாணவர் அங்கே சென்று, எஞ்சிய கோட்டையும் நிறத்தையும் அளவோடு படியெடுத்து வைப்பாராயின், துப்ரேய் கண்டதற்குப் பின் அச்சுவர் இழந்தது எவ்வளவு என்பதையாவது கணக்கிடலாம்.